அம்பேவாடிக் காற்றும் தாராவிச் சுவரும்

அம்பேவாடியில் சனிக்கிழமை விடிந்தால் போதும், ஊரே ஓட ஆரம்பித்துவிடும். யாரும் துரத்தவில்லை, அவர்களாகத்தான் ஓடுகிறார்கள். கண்ணைப் பறிக்கிற பச்சையிலும் ஆரஞ்சிலும் பனியன் போட்டுக்கொண்டு, மூச்சிரைக்க மலைமேல் ஏறி, ஏறிய வேகத்திலேயே இறங்கி வந்து, கடைத்தெருவில் நின்று கசப்புக் காபி குடிப்பார்கள். மேலே என்னதான் இருக்கிறது என்று அக்தர் பானுவுக்கு முதல் மாதம் முழுக்க ஒரே யோசனை. ஒரு பழைய கோட்டையின் இடிந்த மதில் இருக்கிறது என்றார் அவள் புருஷன் ஹமீது. இடிந்த மதிலைப் பார்க்க பம்பாயிலிருந்து ரயில் ஏறி வருவார்களா என்று அவளுக்குச் சிரிப்பாக வந்தது. அவள் இருந்த தாராவிச் சந்தில் இடிந்த மதில் வேண்டிய மட்டும் கிடந்தது. ஒரு ஆள் எட்டிப் பார்த்ததில்லை.

பானு பிறந்தது மேலப்பாளையம். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து தாராவி. அங்கேதான் ஹமீதுக்கு வாழ்க்கைப்பட்டாள், அங்கேதான் ஒரே மகள் நுஸ்ரத்தைப் பெற்று உல்லாஸ்நகரில் கட்டிக்கொடுத்தாள். ஹமீது பை தைக்கிறவர். கீழே ஒரு அறையில் குடித்தனம், ஏணி வைத்து ஏறினால் மேலே தையல் மெசின். தோல் தூசியும் பசை நெடியும் அந்த மேல்தளத்தை விட்டுப் போனதே இல்லை. அது அப்படியே ஹமீதின் நெஞ்சுக்குள் போய்க் குடியேறிவிட்டது. இருமல் என்றால் சாதாரண இருமல் இல்லை, சோற்றில் கை வைத்தவர் கையை எடுத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொள்கிற இருமல். சயான் ஆஸ்பத்திரி டாக்டர் மூச்சுக்கு வாயில் அடிக்கிற பம்ப் எழுதிக் கொடுத்தார், மாத்திரை எழுதிக் கொடுத்தார், கடைசியில் பேனாவை மூடி வைத்துவிட்டு, இனிமேல் நான் எழுத ஒன்றும் இல்லை, இடத்தை மாற்றுங்கள் என்றார்.

அப்போது வந்து சேர்ந்தவன்தான் சாஹில். மலையேறுகிற கூட்டத்தை அழைத்துப் போகிற பையன், முதுகுப்பைகளை ஹமீதிடம்தான் தைக்கக் கொடுப்பான். கர்ஜத்துக்கு அப்பால் அம்பேவாடி என்று ஒரு ஊர், இப்போது பெரிய இடத்துப் பிள்ளைகள் எல்லாம் அங்கேதான் கிடக்கிறார்கள், அவர்கள் கூடாரமும் பையும் கிழியாத வாரமே இல்லை, முன்பக்கம் கடை பின்பக்கம் வீடு என்று ஒரு இடம் கைவசம் இருக்கிறது, வாருங்கள் சாச்சா என்றான். பிள்ளையார் கரைக்கிற கணபதி விசர்ஜன் கழிந்த மறுவாரம், டெம்போவில் சாமான் ஏற்றிக்கொண்டு இருவரும் வந்து சேர்ந்தார்கள். மெசின், கட்டில், பாத்திரம், எல்லாவற்றுக்கும் மேலே கயிறு போட்டுக் கட்டிய நீல டிரம்.

அந்த டிரம்மைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அம்பேவாடியில் குழாயைத் திறந்தால் எந்த நேரமும் தண்ணீர். பானு நம்பவில்லை. வந்த அன்றே டிரம்மை நிரப்பினாள், குடங்களை நிரப்பினாள், குக்கரைக் கூட நிரப்பி மூடி வைத்தாள். மறுநாள் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் பிடித்தாள். "குழாயே நம்ம வீட்டுக்குள்ளதானே இருக்கு, எங்க ஓடிரப் போவுது?" என்று ஹமீது கேட்டார். "இன்னைக்கு இருக்கு. நாளைக்கு இருக்கும்னு எழுதியா குடுத்திருக்கான்?" என்றாள். ஒரு மாதம் கழித்துத்தான் மனசு வந்து டிரம்மில் அரிசியைப் போட்டு வைத்தாள்.

நல்லதை நல்லது என்று சொல்ல வேண்டும் அல்லவா. அம்பேவாடிக் காற்றைக் குறை சொல்ல அவளால் முடியவில்லை, முயன்று பார்த்தும் முடியவில்லை. பத்து நாளில் ஹமீதின் இருமல் குறைந்தது. மழை ஓய்ந்து வெயில் வந்தபோது சுத்தமாக நின்றே போனது. பம்ப் அலமாரியில் தூசி பிடித்துக் கிடந்தது. ஏணியில் ஏறினாலே உட்கார்ந்துவிடுகிற மனுஷன், ஒரு நாள் காலையில் ஓடுகிற பிள்ளைகளோடு சேர்ந்து பாதி மலை வரை போய்விட்டு வந்தார். "ஏன் வாப்பா, மிச்சப் பாதியையும் ஏறிட வேண்டியதுதானே?" என்று நுஸ்ரத் போனில் கேலி செய்ததற்கு, "அது அடுத்த வருசத்துக்கு வச்சிருக்கேன்" என்றார். அதைக் கேட்டுக்கொண்டிருந்த பானு சந்தோஷத்தில் அன்றைக்கு டீயில் சர்க்கரையைக் கூட்டிப் போட்டாள்.

ஆனால் திங்கட்கிழமை என்று ஒன்று வருமே. ஞாயிறு மாலை ஓட்டமும் கூட்டமும் ரயில் ஏறிப் போய்விட்டால், வெள்ளிக்கிழமை வரை அம்பேவாடியில் பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. பாதி பங்களா பூட்டிக் கிடக்கும். மீதிப் பாதியில் இருப்பவர்கள் லேப்டாப்பைப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். கொத்தமல்லிக் கட்டுக்குக் கூட சனிக்கிழமை ஒரு விலை, செவ்வாய்க்கிழமை ஒரு விலை. ஹலால் கறி வேண்டுமென்றால் கர்ஜத். தொழுகைக்கும் கர்ஜத். நல்ல வீட்டைப் பூட்டிப் போட்டுவிட்டுக் காசு கொடுத்துக் கூடாரத்தில் தரையில் படுக்கிறவர்களை அவள் இங்கேதான் பார்த்தாள். தாராவியில் ஏழு பேர் ஓர் அறையில் தரையில் படுக்கிறார்கள், அதை யாரும் போட்டோ எடுத்துப் போடவில்லை.

எல்லோரும் நல்ல பிள்ளைகள்தான், அதில் சொல்ல ஒன்றுமில்லை. வழியில் பார்த்தால் "ஹாய் ஆண்ட்டி" என்பார்கள். ஆனால் ஒரு ஆள் வீட்டுக்குள் வந்து உட்கார வேண்டுமே. பக்கத்து வீட்டுத் தன்வி, பாறை ஏறுகிற பெண், ஒரு நாள் வாசலில் நின்று, வியாழக்கிழமை ஐந்து மணிக்கு உங்களுக்கு நேரம் இருக்குமா ஆண்ட்டி, டீ குடிக்க வரட்டுமா என்று இந்தியில் கேட்டாள். டீ குடிக்க நாள் குறித்தா வருவார்கள் என்று பானு திகைத்துப் போனாள். தன்வி வியாழக்கிழமை வந்தாள், நன்றாகவே பேசினாள், ஆறு மணிக்குக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போனாள்.

தாராவியில் நாளும் கிடையாது, நேரமும் கிடையாது. ஒரு சுவர் இருந்தது, அவ்வளவுதான். சுவருக்கு இந்தப் பக்கம் பானு, அந்தப் பக்கம் மாரீஸ்வரி. மாரீஸ்வரிக்கும் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம்தான், பானுவைவிட நாலைந்து வயது மூத்தவள். டீ கொதித்தால் கரண்டிக் காம்பால் இரண்டு தட்டு. கறிவேப்பிலை வேண்டுமென்றால் மூன்று தட்டு. எல்லாவற்றிலும் முக்கியமானது நோன்பு மாசத்துத் தட்டு. தண்ணீர் பிடிக்க விடியுமுன் நாலு மணிக்கே எழுகிறவள் மாரீஸ்வரி. குடத்தைத் தூக்குமுன் சுவரைத் தட்டுவாள். சகர் சோறு சாப்பிட பானு எழுந்து பதில் தட்டுத் தட்டும் வரைக்கும் விடமாட்டாள். இத்தனை வருஷத்தில் பானு கடிகாரம் வைத்து நோன்புக்கு எழுந்ததே கிடையாது.

அம்பேவாடிக்கு வந்த புதிதில், டீ கொதித்ததும் கை தானாகப் போய்ச் சுவரைத் தட்டிவிட்டது. ஒரு தடவை இல்லை, நாலைந்து தடவை. கடைசியில் தன்வியிடமிருந்து போனில் சேதி வந்தது. ஆண்ட்டி, வீட்டில் ரிப்பேர் வேலை நடக்கிறதா, நான் மீட்டிங்கில் இருக்கிறேன் என்று. பானு கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, டீயை வடிகட்டாமல் அப்படியே நின்றாள். அன்றைக்கு அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

தாராவி அறையை இன்னும் விடவில்லை. அதைத்தான் ஹமீதின் தம்பி தாஹிர் கேட்டுக்கொண்டிருந்தான். அறையை ஒட்டிப் பின்பக்கம் அவனுடைய பெல்ட் பட்டறை. இடம் போதவில்லை, புது மெசின் வருகிறது, பெருநாளைக்குள் ஒரு முடிவு சொல்லுங்கள் என்றான். கொடுத்துவிட்டால் கொடுத்ததுதான், மெசினை இறக்கிய பிறகு திருப்பிக் கேட்க முடியாது, தாராவியில் இன்னொரு அறை கிடைக்கப் போவதும் இல்லை. ஹமீது பந்தை அவள் பக்கம் தள்ளிவிட்டார். "நீ சொல்லு பானு. இங்க இருக்க முடியாதுன்னா மூட்டையக் கட்டிருவோம். இத்தன வருசம் அங்க இருந்தவன்தானே நான்." அவர் சொல்வது மனசறிந்துதான் என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் பாரம் அதிகமாக இருந்தது.

நோன்பு பிறந்தது. முதல் நாள் பானு தூங்கிவிட்டாள். கண் விழித்தபோது வெளியே வெளிச்சம் வந்திருந்தது. சகர் இல்லாமலே இருவரும் நோன்பு வைத்தார்கள். மத்தியானம் மாரீஸ்வரிக்குப் போன் போட்டு அதைச் சொன்னாள்.

"ஏளா, இத முந்தியே சொல்லக்கூடாதா?" என்றாள் மாரீஸ்வரி. "நான்தான் தண்ணிக்கு நாலு மணிக்கே எந்திரிக்கேன்லா. எந்திரிச்சதும் ஒரு மிஸ்டு கால் அடிக்கேன். நீ திருப்பி ஒண்ணு அடிக்கணும், கேட்டியா. அடிக்கலன்னா விடமாட்டேன்."

மறுநாளிலிருந்து போன் தட்டியது. இரண்டு ரிங், அப்புறம் நின்றுவிடும். பானு திருப்பி அடிப்பாள். போனில் பேச இப்போது தனிக் காசு கிடையாதுதான். இருந்தாலும் எடுத்துப் பேசுவது அவர்களுக்குத் தோன்றவில்லை. சுவரைத் தட்டிவிட்டு யாராவது பேசுவார்களா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஹமீது முழு நோன்பு பிடித்துப் பல வருஷம் ஆகிறது. பகலில் பம்ப் எடுத்தால் நோன்பு முறிந்துவிடும் என்பது அவர் கணக்கு. எடுக்காவிட்டால் மூச்சு விட முடியாது. பாதி மாசம் முறித்துவிட்டு, ஊரெல்லாம் நோன்பு திறக்கிற நேரத்தில் கஞ்சிக் கோப்பையை வாங்காமல் ஓரமாக நிற்பார். இந்த வருஷம் ஒன்று கூட விடவில்லை. "இந்தத் தடவ முழுசும் புடிச்சிருவேன் பானு" என்று தினமும் சொல்வார். அவள் சோற்றைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். ஏனென்றால் அவள் மனசுக்குள் முடிவெடுத்துவிட்டாள். பெருநாள் கழிந்ததும் தாராவிக்கே திரும்பிவிட வேண்டும். மருந்து இருக்கிறது, பம்ப் இருக்கிறது, முன்பு சமாளிக்கவில்லையா? இந்தத் திங்கட்கிழமைகளை அவளால் சமாளிக்க முடியாது.

அதை ஹமீதிடம் சொன்னாள், தாஹிரிடமும் நேரில் சொல்லிவிடலாம் என்று ஒரு செவ்வாய்க்கிழமை இருவரும் ரயில் ஏறினார்கள். வந்து இத்தனை மாதத்தில் அவள் தாராவிக்குப் போனதில்லை. போனால் திரும்பி வரமாட்டோம் என்று அவளுக்கே அவள்மேல் பயம். சந்துக்குள் கால் வைத்ததும், "வா வா, மலைக்காரி வந்துட்டா" என்று நாலு வாசலிலிருந்து குரல் வந்தது. பானுவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஹமீது அறையைத் திறந்துகொண்டு மேல்தளத்தில் கிடந்த பழைய மூட்டைகளைப் பிரித்துப் பார்க்க ஏறிவிட்டார். பானு மாரீஸ்வரி வீட்டுக்குள் போய் உட்கார்ந்து, அவள் முறத்து அரிசியை வாங்கிக் கல் பொறுக்கினாள். யாரும் நேரம் குறிக்கவில்லை.

சாயங்காலத்து அஸர் தொழுகை முடிந்து ஒரு மணி நேரம் இருக்கும். சந்து திடீரென்று கலகலத்தது. குடங்கள் உருண்டன, குழாய்கள் இழுபட்டன. மாரீஸ்வரியும் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"என்னக்கா, இந்நேரத்துல தண்ணியா?" என்று கேட்டாள் பானு.

மாரீஸ்வரி காதில் விழாதது போலக் குடத்தைத் தேடினாள். மருமகள் இசக்கிதான் பதில் சொன்னாள். "தீவாளி கழிஞ்சதுலேருந்து சாயங்காலந்தான் பானு அத்தை. விடிய ஒரு சொட்டு வாரதில்ல."

பானு கையிலிருந்த முறத்தை வைத்துவிட்டாள். "அப்ப நாலு மணிக்கு எதுக்குக்கா எந்திரிக்க?"

"பழக்கம்ளா. நாலு மணியானா கண்ணு தானா முழிச்சிக்கிடுது" என்றாள் மாரீஸ்வரி.

"தானாவா?" என்று இசக்கி சிரித்தாள். "அலாரம் வச்சுல்லா எந்திரிக்காவ. தலகாணிக்கு அடியில போன் கெடந்து அலறுது, இவுகளத் தவிர வீட்ல எல்லாருக்கும் முழிப்பு வந்துரும். உங்களுக்கு அடிச்சிட்டு, நீங்க திருப்பி அடிச்சதும் திரும்பப் படுத்துருவாவ."

"போ, போய் குழாயப் புடி" என்று மாரீஸ்வரி மருமகளை விரட்டினாள். முகம் தெரியாமல் திரும்பிக்கொண்டாள். பானுவுக்குக் கண் நிறைந்துவிட்டது. மகளுக்குக் கூடத் தோன்றாத ஒன்றை இந்த மனுஷி செய்துகொண்டிருக்கிறாள், அதையும் ஒரு பொய்யைச் சொல்லி மறைத்துக்கொண்டு. இவளை விட்டுவிட்டா அந்த மலையில் போய்க் கிடப்பது என்று நினைத்தாள். எழுந்து தாஹிரைப் பார்த்து இப்போதே சொல்லிவிடலாம் என்றிருந்தது.

அப்போதுதான் சுவர் வழியாக அந்தச் சத்தம் வந்தது. முதலில் ஒன்று, அப்புறம் தொடர்ந்து. ஹமீது இருமினார்.

பக்கத்திலேயே படுத்து எத்தனையோ வருஷம் கேட்ட இருமல். சுவருக்கு இந்தப் பக்கமிருந்து அவள் கேட்பது அன்றுதான் முதல் தடவை. இவ்வளவு சத்தமா என்று திடுக்கிட்டாள். மாரீஸ்வரி குடத்தை இறக்கி வைத்துவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கேட்டியா? இதத்தான் நான் இத்தன வருசமா கேட்டேன்" என்றாள். "அண்ணன் இருமுனா தூக்கம் போயிரும். இருமல் நின்னுட்டுன்னா அதவிட பயம். மூச்சு இருக்கான்னு சுவத்துல காத வச்சுக் கேப்பேன். உங்கிட்ட சொன்னதில்ல." பானுவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ திரும்பி வரணும்னு எனக்கு ஆச இல்லாமலா? ஆனா நீ வந்தா அதுவும் கூடல்லா வரும்."

இருமல் நிற்கவில்லை. பானு ஓடினாள். ஹமீது ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்து சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தார். பழைய மூட்டையின் தூசி தலையெல்லாம் படிந்திருந்தது. பைக்குள் கைவிட்டுப் பம்பை எடுத்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று கிளம்பும்போது அவள்தான் எடுத்துப் போட்டிருந்தாள். அவர் வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

"நோன்பு தொறக்குற பாங்குக்கு இன்னும் கொஞ்ச நேரந்தான்" என்றார், ஒவ்வொரு சொல்லாக. "தாங்கிக்கிடுவேன்."

"தாங்குனது போதும். வாயத் தொறங்க."

"இந்த வருசம் முழுசும் புடிக்கலாம்னு..."

"தொறங்க சொல்லுதேன்லா."

திறந்தார். பம்பை அழுத்தினாள். ஒரு தடவை, இன்னொரு தடவை. இருமல் மெல்ல அடங்கியது. அடங்கியதும் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இருமலில் வந்த தண்ணீரா, நோன்பு போனதால் வந்ததா என்று அவள் கேட்கவில்லை. சற்று நேரத்தில் பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். தாஹிர் தூக்குச்சட்டியில் கஞ்சியோடு வந்து நின்றான். அண்ணனுக்கு ஒரு கோப்பை நீட்டினான். ஹமீது வாங்கவில்லை. "நீங்க குடிங்கப்பா" என்று சொல்லிவிட்டு ஓரமாகப் போய் நின்றார்.

அந்த நிற்பைப் பார்த்துக்கொண்டே பானு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டாள். தண்ணீர் குடித்து இறக்கினாள்.

"தாஹிரு, மெசின எப்ப எறக்கப் போற?" என்று கேட்டாள்.

"நீங்க திரும்பி வாறீயன்னுதானே நெனச்சேன் மதினி? நான் வேற இடம் பாக்கலாம்னு..."

"வேற இடம் வேண்டாம். இத எடுத்துக்கோ. நாளைக்கே எறக்கு."

ஹமீது ஓரத்திலிருந்து திரும்பிப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. கோப்பையைக் கழுவப் போய்விட்டாள்.

புறப்படும்போது, சாவியைத் தாஹிரிடம் கொடுக்குமுன் ஒருதரம் அறைக்குள் போனாள். அடுப்பு இருந்த இடத்தில் நின்று சுவரில் விரலை மடக்கித் தட்டினாள். அந்தப் பக்கமிருந்து உடனே பதில் வந்தது. அவர்கள் வழக்கப்படி, இவள் மறுபடி தட்டினால்தான் அது நிற்கும். பானு உடனே தட்டவில்லை. மாரீஸ்வரி தட்டிக்கொண்டே இருந்தாள். தாஹிர் வாசலில் காத்திருந்தான், கடைசி வேக வண்டி போய்விடும் என்று ஹமீது கூப்பிட்டார். அப்போதுதான் தட்டினாள்.

ரயில் கல்யாண் தாண்டும் வரை ஹமீது தலைத் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார். அப்புறம், "எனக்காகவா?" என்றார்.

"பின்ன யாருக்காக? அந்த ஓடுத பிள்ளைகளுக்காகவா?" என்றாள் பானு. "முறிஞ்சது ஒண்ணுதானே, பெருநாள் கழிச்சு அதுக்குப் பதிலா ஒண்ணு களாப் புடிச்சுக்கிடலாம். மிச்சத்த ஒழுங்காப் புடிங்க." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். அவர் பார்த்தும் பார்க்காதது போல உட்கார்ந்திருந்தார். அம்பேவாடி அன்றோடு அவளுக்குப் பிடித்துப்போய்விட்டது என்று சொன்னால் அது பச்சைப் பொய். திங்கட்கிழமைகள் அப்படியேதான் இருக்கப் போகின்றன. தன்வி வியாழக்கிழமைதான் வரப் போகிறாள்.

மறுநாள் சகருக்குப் போன் தட்டியது. இரண்டு ரிங் முடியுமுன் பானு எடுத்துவிட்டாள்.

"என்னளா, எடுத்துட்ட?" என்று மாரீஸ்வரி பதறினாள். "அண்ணனுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. நாளையிலேருந்து நீ எந்திரிக்காத. நானும் அலாரம் வைக்கப் படிச்சுக்கிட்டேன்."

"நீ எந்திரிச்சியா இல்லியான்னு எனக்கு எப்படித் தெரியும்? அதெல்லாம் அடிப்பேன். போனக் கீழ வை." வைக்கச் சொன்னவள் தானும் வைக்கவில்லை. கொஞ்சம் பொறுத்துக் குரலைத் தணித்துக்கொண்டாள். "ராத்திரி இருமுனாவளா?"

பானு போனை எடுத்துக்கொண்டு போய், அசந்து தூங்குகிற ஹமீதின் நெஞ்சுக்குப் பக்கத்தில் பிடித்தாள். ஜன்னல் திறந்து கிடந்தது. மலைக்காற்று உள்ளே வந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்துவிட்டுக் காதில் வைத்தாள்.

"ஒண்ணும் கேக்கலியேளா" என்றாள் மாரீஸ்வரி.

"ஆமாக்கா" என்றாள் பானு. "ஒண்ணும் கேக்காது. நீ படு."

பிறகு ஹமீதை எழுப்பிவிட்டு, சோற்றைச் சூடாக்க அடுப்பைப் பற்ற வைத்தாள்.